ஏழரையின் ஒன்பதாவது நிமிஷம்

பதினேழு நிமிஷப் பாட்டை ஒன்பதாவது நிமிஷத்தில் மூடிவிட்டு வீணையைப் போட்டேன். நடந்தது இவ்வளவுதான். இதற்குத்தான் இத்தனை ரகளை.

உங்கள் டோக்கன் என்ன தம்பி? நாற்பத்தொன்றா? எனக்கு முப்பத்தெட்டு. உள்ளே இருபத்தாறுதான் போயிருக்கிறது. இந்த டாக்டர் ஒவ்வொருத்தன் காதுக்குள்ளும் குடித்தனம் நடத்திவிட்டுத்தான் வெளியே வருவார் போலிருக்கிறது.

எனக்குக் காதில் ஒன்றுமில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் பிடிவாதம், வந்து உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள். ஃபேன் இரைச்சல். என்னது? ஃபேன் ஓடவில்லையா? அப்படியானால் வெளியே லாரி நிற்கும்.

அரசாங்க ரேடியோவில் முப்பத்துநாலு வருஷம் ட்யூட்டி ரூமில் இருந்தவன் நான். பரமார்த்தலிங்கம் என்று கேட்டுப் பாருங்கள், பழைய ஆட்கள் சொல்வார்கள். ரேடியோவில் சத்தம் நின்றுபோனால் ஒன்றிலிருந்து பத்து எண்ணுவோம். பத்துக்குள் வரவில்லை என்றால் ஃபில்லர். ஃபில்லர் என்றால் காலி இடத்தை அடைக்கிற வாத்தியம். வீணை, புல்லாங்குழல், ஏதோ ஒன்று. கை எட்டுகிற தூரத்தில் தயாராக இருக்கும். சத்தமில்லாத ரேடியோ முன்னால் எவனும் காத்திருக்க மாட்டான். திருகிவிட்டுப் போய்விடுவான். முப்பத்துநாலு வருஷத்தில் என் ட்யூட்டியில் ஒரு தடவைகூடப் பதினொன்று எண்ணியதில்லை. ஒரு தடவைகூட.

ரிட்டயர் ஆன பிறகு தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் கூப்பிட்டார்கள். சமுதாய வானொலி. கடற்கரையிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் கேட்கும். மீன்பிடி வானிலை, தண்ணீர் லாரி வரும் நேரம், மாணவர்கள் நாடகம், இப்படி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் மிக்ஸர், அதாவது எந்த மைக் காற்றில் போகவேண்டும் என்று திறந்து மூடுகிற பலகை, அதன் முன்னால் உட்கார எனக்கு ட்யூட்டி. போனேன். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய?

அங்கே ஃபெபியோலா என்று ஒரு பிள்ளை. இருபத்தைந்து வயசிருக்கும். ஞாயிற்றுக்கிழமை நாலு மணியிலிருந்து ஐந்து வரைக்கும் அதனுடைய நிகழ்ச்சி. 'தனித்தாளம்' என்று பெயர். நல்ல பிள்ளைதான். ஆனால் வாய்க்குள்ளேயே பேசும். ரேடியோவில் பேசுகிற பிள்ளை வாய்க்குள் பேசினால் எப்படி? எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். "நேயர்கள் யாரும் அப்படிச் சொல்லலையே அண்ணாச்சி" என்று சிரிக்கும்.

நிகழ்ச்சி என்ன என்றால், சுயேச்சையான இசைக்குழுக்கள். சுயேச்சை என்றால் தேர்தலில் டெபாசிட் இழக்கிறவன் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இவர்களும் கிட்டத்தட்ட அதேதான். சினிமா கிடையாது, கம்பெனி கிடையாது. அவனே எழுதி, அவனே வாசித்து, அவனே பதிவு செய்து அனுப்புவான். ஒரு பாட்டு பதினொரு நிமிஷம், இன்னொன்று இருபது. பல்லவி எங்கே என்று தேடுவதற்குள் தாளம் மாறிவிடும். ப்ராக்ரஸிவ் ராக் என்றது அந்தப் பிள்ளை. முன்னேறுகிற ராக்காம். எங்கே முன்னேறுகிறது? போகிறது, திரும்பி வருகிறது, மறுபடி போகிறது. இதில் ஊர் ஊராக வேறு கலப்பு. உடுக்கையோடு கிட்டார் வாசிக்கிற கோயம்புத்தூர்க்காரன். அரபிக் குழலோடு ஒரு கேரளாக்காரன். மலையேறி ஏதோ ஓட்டைக் கொம்பு ஊதுகிற மேகாலயாக்காரன். எல்லாம் கேட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் தலைவலி மாத்திரையோடுதான் வீட்டுக்குப் போவேன்.

அந்த நிகழ்ச்சியே ஆட்டம் கண்டுகொண்டிருந்தது. செயலர் கோயில்பிள்ளை, அந்தக் கல்லூரியில் வணிகவியல் பேராசிரியர், அந்த ஒரு மணி நேரத்தை எடுத்துப் போட்டித் தேர்வுக் கேள்வி-பதில் போடவேண்டும் என்று காரணம் தேடிக்கொண்டிருந்தார். ஃபெபியோலா கெஞ்சிக் கூத்தாடி ஒரு நேரடி ஒலிபரப்புக்கு அனுமதி வாங்கியது. உள்ளூர்க் குழு, ஸ்டுடியோவில் வந்து வாசிக்கும், அப்படியே காற்றில் போகும். நன்றாக அமைந்தால் நிகழ்ச்சி இருக்கும். இல்லையென்றால் பொது அறிவு.

குழுவின் பெயர் ஏழரை. ஆமாம், ஏழரை. பெயரைக் கேட்டதுமே நான் சொன்னேன், "அந்தச் சனியனை வெத்தலை பாக்கு வெச்சு ஏன் கூப்பிடுதிய?" என்று. அவர்கள் தாளம் ஏழரையாம். ஏழு எண்ணி, அரையில் வெட்டி, மறுபடி ஒன்றுக்கு வரவேண்டும்.

நாலு பேர். கிட்டார்க்காரன் ரெஜிஸ் மோத்தா. கப்பல் எஞ்சினியர். ஒன்பது மாசம் கடல், மூன்று மாசம் ஊர். எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் ஒரு வாத்தியம் வாங்கிக்கொண்டு வருவான். மொம்பாஸாவிலிருந்து கட்டைவிரலால் மீட்டுகிற ஒரு பெட்டி. சுரபாயாவிலிருந்து வெண்கலத்தில் சின்னச் சின்ன மணிகள். அவன் கொண்டுவருவதை எல்லாம் பழகி வாசிக்கிறது ஜெசிந்தா. அது நாற்பது வயசு, அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மிச்ச ரெண்டு பேர் டிரம்மும் பேஸ் கிட்டாரும். ரெஜிஸ் ஊரில் இருக்கும்போது மட்டும்தான் இவர்கள் நாலு பேரும் சேர முடியும். அந்த மூன்று மாசத்தில் முழுக்க உட்கார்ந்து ஒரே ஒரு பாட்டு செய்திருந்தார்கள். பதினேழு நிமிஷம். அவன் செவ்வாய்க்கிழமை காலை விமானம் ஏறவேண்டும். கப்பல் சிங்கப்பூரில் நிற்கிறது. ஆகவே இந்த ஞாயிறு விட்டால் அடுத்த வருஷம்.

அன்றைக்கு மூன்றரைக்கே ஃபெபியோலா என்னிடம் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தது. எத்தனையாவது நிமிஷத்தில் யார் என்ன வாசிப்பார்கள் என்று வரிசையாக எழுதியிருந்தது. ஒரு வரியைச் சிவப்பில் எழுதியிருந்தது.

"அண்ணாச்சி, இத மட்டும் பாத்துக்கோங்க. எட்டாவது நிமிஷம் முடிஞ்சு ஜெசிந்தாக்கா மட்டும்தான். ரொம்ப மெல்லிசா இருக்கும். ஐம்பது செகண்ட். தொட்டுராதிய."

"மெல்லிசுன்னா சத்தம் இருக்கும்லா?"

"இருக்கும் அண்ணாச்சி."

"இருந்தா நான் ஏன் தொடப்போறேன்? போ, வேலையப் பாரு."

தாளை வாங்கி மேசையில் வைத்தேன். அதன் மேல் காபி தம்ளரை வைத்தேன். தாளைப் பார்த்து ட்யூட்டி பார்க்கிறவன் இல்லை நான். காதுதான் தாள்.

நாலு பன்னிரண்டுக்கு ஆரம்பித்தார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், தம்பி. முதல் ரெண்டு நிமிஷம் எரிச்சல். பிறகு ஒரு மாதிரி பிடிபட்டது. ஏழு, அரை, வெட்டு. ஏழு, அரை, வெட்டு. நம்ம ஊர்க் கோயில் கொடைக்கு மேளக்காரன் சாமி வரத்துக்கு முன்னால் ஒரு இழுப்பு இழுப்பான் தெரியுமா, அந்த மாதிரி ஒரு இடத்தில் கிட்டார் நின்று இழுத்தது. எப்போது என்று தெரியவில்லை, என் விரல் மேசையில் தட்டிக்கொண்டிருந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவேண்டாம்.

எட்டு நிமிஷம் தாண்டியதும் டிரம் நின்றது. பேஸ் நின்றது. கிட்டார் நின்றது. மிக்ஸரில் மீட்டர் முள் விழுந்து படுத்துவிட்டது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மூன்று பேரும் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். ஜெசிந்தா எனக்கு முதுகு காட்டிக் குனிந்து உட்கார்ந்திருக்கிறது. ஃபெபியோலா அது பக்கத்தில் தரையில் ஒரு பித்தளைப் பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கிறது. ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை.

ஒன்று, ரெண்டு, மூன்று.

மெல்லிசாக இருக்கும் என்றார்கள். சரி. காதைக் கூர்மையாக்கிக்கொண்டேன். முள்ளைப் பார்த்தேன். அடியிலேயே கிடந்து லேசாகத் துடித்தது, பழைய முள், அது எப்போதும் அப்படித்தான். நாலு, ஐந்து. மைக் போய்விட்டது, அல்லது ஒயர் கழன்றுவிட்டது. வேறென்ன? ஆறு, ஏழு, எட்டு. என் ஆயுசில் அப்படிக் கனமாக எண்ணியதில்லை. ஒன்பது. பத்து.

மூடினேன். வீணையைத் திறந்தேன்.

இதுவரைக்கும் நான் செய்ததில் என்ன தப்பு, சொல்லுங்கள்? நீங்களும் அதைத்தான் செய்வீர்கள்.

இனிமேல்தான் சங்கடம். ஸ்டுடியோ மைக்கை மூடிவிட்டால் என் அறை ஸ்பீக்கரில் காற்றில் போவது மட்டும்தான் கேட்கும். வீணைதான் கேட்டது. ஸ்டுடியோவுக்குள் இருக்கிற சிவப்பு விளக்கு மூன்று மாசமாக எரிவதில்லை. நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன், யாரும் மாற்றவில்லை. அதனால் மூடியது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் பார்க்கிறேன், மறுபடி எல்லாரும் அசைகிறார்கள். டிரம்காரன் கை மேலும் கீழும் போகிறது. எந்த ஒயர் கெட்டது என்று வாசித்துத் தேடுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். பாவம், பதறுகிறார்கள். கவலைப்படாதே, நான் சமாளித்துவிட்டேன் என்று கையைத் தூக்கிக் காட்டினேன். ரெஜிஸ் பார்த்துவிட்டுத் தலையாட்டிச் சிரித்தான்.

எட்டு நிமிஷம் வாசித்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வேர்த்து ஊற்றுகிறது. கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறான் ரெஜிஸ். கடைசியில் நாலு பேரும் ஒரே வெட்டில் நிறுத்திவிட்டு, ஒருத்தனை ஒருத்தன் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். இந்தப் பக்கம் வீணை முடிந்து நான் மீன்பிடி வானிலை போட்டிருந்தேன்.

கதவைத் திறந்துகொண்டு முதலில் வந்தவன் ரெஜிஸ். சட்டை பிழிந்தால் ஒரு வாளி வரும்.

"எப்படி அண்ணாச்சி?"

"பயப்படாத. பாதில நின்னு போச்சு. பத்து எண்ணிட்டு வீணையப் போட்டுட்டேன். வெளிய ஒருத்தருக்கும் தெரியாது."

அவன் சிரித்தான். நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்தான். அதற்குள் அவன் செல்போன் அடித்தது போல. எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். அவன் அம்மா. அந்த அம்மா கத்திப் பேசுகிறது, எனக்கே கேட்டது.

"ஏம்ல ரெஜிசு, நல்லாத்தாம்ல இருந்துச்சு. அந்த வீணை யாருல வாசிச்சா? உங்க கூட்டத்துல வீணையே கெடையாதேல?"

ஃபெபியோலா நேரே என் மேசைக்கு வந்தது. தம்ளரைத் தூக்கியது. தாளைப் பார்த்தது. சிவப்பு வரி மேல் வட்டமாகக் காபிக் கறை. தம்ளரைத் திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

லாக் புக் என்று ஒன்று உண்டு. ட்யூட்டியில் என்ன நடந்தது என்று எழுதிவைக்கிற நோட்டு. எழுதினேன். '4.20. கலைஞர்கள் தரப்பில் ஒலி நின்றது. ஃபில்லர் இடப்பட்டது.' கையெழுத்துப் போட்டேன். நடந்ததைத்தானே எழுதினேன்?

நேரடி ஒலிபரப்பில் பாதியில் நிற்கிற குழுவுக்கு ஒரு வருஷம் இடம் கிடையாது. அது அந்த நிலையத்தில் விதி. அதை எழுதிக் கொடுத்தவனும் நான்தான். கோயில்பிள்ளை அன்றைக்குச் சாயங்காலமே வந்து லாக் புக்கைப் பார்த்தார். ஃபெபியோலா என்னவெல்லாமோ சொல்லியிருக்கிறது, மணி என்றது, பானை என்றது. "நோட்டுல இருக்கிறதுதான் எனக்கு" என்றுவிட்டார் அவர். அடுத்த ஞாயிறிலிருந்து பொது அறிவு. பரமார்த்தலிங்கம் திருத்தினால் ஒழிய மாற்றமில்லை. என் வார்த்தைக்கு அங்கே அவ்வளவு மதிப்பு.

வீட்டுக்குப் போனேன். சட்டையைக் கழற்றக்கூட விடவில்லை. வீட்டில் என் முன்னால் வந்து நின்றுகொண்டு கேட்கிறாள்.

"அந்தச் சின்ன மணிய ஏன் நிறுத்துனிய?"

"எந்த மணி?"

"டிரம்மெல்லாம் நின்னதும் ஒண்ணு அடிச்சுதே. நல்லாருந்துச்சு. அடிச்சு, தண்ணிக்குள்ள முக்கி முக்கி எடுத்த மாதிரி, சத்தம் வளைஞ்சு வளைஞ்சு வந்துச்சு. சோறு வடிச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தேன். திடீர்னு வீணைய வச்சுட்டிய."

சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன்.

அவள் அந்த ஸ்டுடியோ இருக்கிற திசையில்கூடத் தலைவைத்துப் படுத்தவள் இல்லை. அடுப்பு மேடையில் இருக்கிற சின்ன ரேடியோ. பித்தளைப் பானையைக் கண்ணாடி வழியாகப் பார்த்தவன் நான். அதில் தண்ணீர் இருந்தது என்று எனக்கே தெரியாது. அவளுக்கு எப்படித் தெரியும்?

தெரிந்திருக்கிறது. சரி. யாராவது அக்கம்பக்கத்தில் சொல்லியிருப்பார்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வீட்டு வாசலில் மூன்று பேர். ஃபெபியோலா, ரெஜிஸ், ஜெசிந்தா. ஜெசிந்தா யூனிபாரத்தோடு, ட்யூட்டி முடித்து நேரே வந்திருந்தது. உட்காரச் சொன்னேன். வீட்டில் காபி கொண்டுவந்தாள்.

ரெஜிஸ்தான் ஆரம்பித்தான். "அண்ணாச்சி, நான் சண்டைக்கு வரல. இன்னைக்கு அஞ்சு மணிக்கு ஒரு அரை மணி நேரம் காலியா கெடக்கு. ஃபெபி பாத்து வச்சிருக்கு. ஒரு வரி திருத்திக் குடுங்க. நாங்க வந்து வாசிச்சுட்டுப் போயிருதோம். நாளைக்கு நான் இருக்க மாட்டேன்."

"என்னனு திருத்தணும்?"

"சத்தம் நிக்கலன்னு."

"நின்னுதே."

"நிக்கல அண்ணாச்சி."

"ஏ, முப்பத்துநாலு வருசம்..."

"அது தெரியும் அண்ணாச்சி. மூணு மாசமா ஒரு பாட்டு செஞ்சோம். எங்கம்மா, டிரம்காரன் பொண்டாட்டி, ஊரே ரேடியோ முன்னால இருந்துச்சு. நாங்க நின்னு போயிட்டோம்னு நோட்டுல எழுதியிருக்கிய. அத வச்சு இந்தப் பிள்ளையோட நிகழ்ச்சியவே எடுக்கப் போறாங்க. அதான் கேக்கேன்."

"கேக்காதத கேட்டேன்னு எழுத என்னால முடியாது."

அதுதானே நியாயம், தம்பி? சொல்லுங்கள்.

ஃபெபியோலா ஜெசிந்தாவைப் பார்த்தது. ஏதோ சொன்னது, வழக்கம்போல வாய்க்குள். ஜெசிந்தா தலையாட்டியது, வேண்டாம் என்கிற மாதிரி. ரெஜிஸ், "காட்டிருங்கக்கா" என்றான்.

அது கைப்பையிலிருந்து எதையோ எடுத்தது. எழுந்து போய் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றது. ஆஸ்பத்திரியில் ஊசிபோடப் போகும்போது நிற்பார்களே, அப்படி. எனக்குக் கோபம்.

"என்ன, பரீட்சையா? அடி. எத்தனை தடவ வேணும்னாலும் அடி."

காத்திருந்தேன். எதிரே ரெஜிஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஃபெபியோலா தன் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அடுக்களை வாசலில் நின்ற வீட்டுக்காரி மட்டும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"அடின்னு சொல்லுதேன்லா?"

"அடிச்சாச்சு அண்ணாச்சி" என்றது ஜெசிந்தா. "மூணு தடவ."

தெரு முழுக்க வண்டிச் சத்தம். அதில் எப்படிக் கேட்கும்? அதைச் சொன்னேன். நானும் கொஞ்சம் கத்திவிட்டேன். வீட்டில் வந்து ஒரு மனுஷனைப் பின்னால் நின்று சோதனை போடுவது எந்த ஊர் மரியாதை? போய்வாருங்கள் என்றேன். போய்விட்டார்கள். காபியைக் குடிக்கவில்லை. ஜெசிந்தா மட்டும் வாசல்வரை போனது, திரும்பி வந்து என் முன்னால் நின்று, "அண்ணாச்சி, பாளையங்கோட்டைல நல்ல டாக்டர் இருக்காரு" என்றது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

அதற்கப்புறம் வீட்டில் பேச்சில்லை. அவளாவது எனக்காக ரெண்டு வார்த்தை பேசியிருக்கலாம் அல்லவா? பேசவில்லை. பதினோரு மணிக்குச் சேலை மாற்றிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"தபாலாபீஸ் வரைக்கும் போயிட்டு வாரேன்."

போனாள். குடையை விட்டுவிட்டுப் போனாள். அந்த வெயிலில்.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். முன்பெல்லாம் அவள் அடுக்களையில் இருந்தபடியேதான் கூப்பிடுவாள். ஐந்தாறு வருஷமாக அப்படியில்லை. எது சொல்வதானாலும் முன்னால் வந்து, முகத்தைப் பார்த்துத்தான் சொல்வாள். வயசான பிறகு புருஷன் மேல் ஒரு மரியாதை வந்திருக்கிறது, பரவாயில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏன் சிரிக்கிறீர்கள்?

ஒரு மணிக்கு வந்தாள். முகம் சிவந்திருந்தது. தண்ணீர் குடித்தாள். "கூட்டமா?" என்றேன். "கொஞ்சம்" என்றாள். அவ்வளவுதான்.

நாலரைக்குக் கோயில்பிள்ளை போன் பண்ணினார். "அண்ணாச்சி, இன்னைக்கு அஞ்சு மணிக்கு ஏழரை மறுபடி வாசிக்கிறாங்க. நீங்க வரவேண்டாம், மிக்ஸர ஃபெபியோலா பாத்துக்கிடும்" என்றார். "நான் ஒண்ணும் திருத்தலையே" என்றேன். "அது சரியாயிட்டு" என்று வைத்துவிட்டார். எப்படிச் சரியாயிற்று? எவன் சரிபண்ணினான்? அந்த ஃபெபியோலா பிள்ளைதான் ஏதோ தந்திரம் பண்ணியிருக்கிறது என்று முடிவு செய்தேன். நான் இல்லாமல் மிக்ஸர். நான் எழுதியது தள்ளுபடி. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்கள்.

ரேடியோவைப் போடாதே என்றேன். அவள் போட்டாள். அடுக்களையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து கூடத்தில், எனக்கும் அவளுக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு வைத்தாள்.

ஐந்து மணிக்கு ஆரம்பித்தது. அதே ஏழு, அதே அரை. ஞாயிற்றுக்கிழமையைவிட நன்றாகவே வாசித்தான் ரெஜிஸ், கோபத்தில் வாசித்தானோ என்னவோ. டிரம் நின்றது. பேஸ் நின்றது. கிட்டார் நின்றது.

எண்ண ஆரம்பித்தேன். பழக்கம். ஒன்று. ரெண்டு.

அவள் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்து, ஒரு விரலால் தட்டினாள். ஒன்று. கொஞ்சம் விட்டு இன்னொன்று. பிறகு விரலை எடுக்காமல் தோல் மேலேயே மெதுவாக முழங்கை வரைக்கும் இழுத்தாள், திரும்பக் கொண்டுவந்தாள். எனக்கு முதலில் புரியவில்லை. கையை உதறப் போனேன். விடவில்லை. தட்டு. இழுப்பு. தட்டு, தட்டு. இழுப்பு. அவள் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள். ரேடியோவில் ஒன்றுமே இல்லை, தம்பி. சத்தியமாக ஒன்றுமே இல்லை. ஐம்பது செகண்ட். பத்துக்கு மேல் நான் எண்ணவில்லை.

பிறகு டிரம் விழுந்தது. என் வீடே அதிர்ந்தது. அவள் கையை எடுத்துக்கொண்டு எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

ரெஜிஸ் செவ்வாய்க்கிழமை போய்விட்டான். ஃபெபியோலாவுக்கு நிகழ்ச்சி தொடரும் என்று சொல்லிவிட்டார்களாம். நேற்று நான் அங்கே போனேன். மிக்ஸர் அறைச் சாவி என்னிடம் இருந்தது, கொடுத்துவிடலாம் என்று. யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் கொடுத்தேன். கோயில்பிள்ளையிடம் நேராகவே கேட்டேன். நான் எழுதியதை அடித்தது யார்?

"யாரும் அடிக்கல அண்ணாச்சி. அது அப்படியேதான் இருக்கு" என்றார். வேறு ஒரு நோட்டை எடுத்துத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

நேயர் பதிவேடு. சமுதாய வானொலி என்றால் அது வாசலில் மேசையில் கிடக்கும். கேட்கிறவர்கள் யார் வேண்டுமானாலும் வந்து எழுதலாம். அன்றைக்கு எழுதியதற்கு அன்றைக்கே செயலர் பதில் செய்தாக வேண்டும். லாக் புக்கில் ஒன்று இருந்து, நேயர் வேறு சொன்னால், நேயர் சொன்னதுதான் நிற்கும். நிலையம் அவர்களுடையது என்பது கணக்கு. அதில் இதுவரை எழுதியவர்கள் எல்லாம் பாட்டு கேட்டு எழுதியவர்கள்தான்.

திங்கட்கிழமைத் தேதி. உருட்டி உருட்டி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுத்து. மனப்பாடமாக இருக்கிறது, சொல்கிறேன். 'ஞாயிற்றுக்கிழமை நான் ரேடியோ கேட்டேன். மேளம் நின்றபின் சின்ன மணி கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பாட்டு நிற்கவில்லை. பாட்டுக்காரர்கள் மேல் தப்பு இல்லை. ட்யூட்டியில் இருந்தவர் என் வீட்டுக்காரர். நல்ல வேலைக்காரர். அவருக்கு ஆறு வருஷமாக மெல்லிய சத்தம் கேட்பதில்லை. அவருக்கு அது தெரியாது. நான் சொல்லாமல் இருந்தது என் தப்பு. அந்தப் பாட்டை முழுசாகப் போடவும்.'

நான் ரெண்டு தடவை படித்தேன். கோயில்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

வீட்டுக்குப் போய் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இன்றைக்குக் காலையில் சட்டையைத் தேய்த்து வைத்திருந்தாள், போட்டுக்கொண்டு வந்தேன். எனக்குக் காதில் ஒன்றுமில்லை என்றுதான் இப்போதும் சொல்கிறேன். டாக்டர் சொல்லட்டும், பார்ப்போம்.

என்ன கேட்டீர்கள்? இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்கள். அவள் பெயரா?

நாற்பத்து மூன்று வருஷமாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை நான். ஏய் என்பேன், இங்க பாரு என்பேன். அதோ, அந்தப் பக்கம் பெண்கள் பெஞ்சில், பச்சைச் சேலை, என் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு இங்கேயே பார்த்துக்கொண்டிருக்கிறாளே. அந்த நோட்டில் கடைசி வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருந்தாள். செண்பகவல்லி.